ஆர்ஓ பிளான்ட் யாரு காசு? சுரங்கக் கம்பெனி ஊருக்கு செய்யுறதப் பத்தி ஒரு அரிச்சுவடி

எங்க அத்தை ஊரு அரியலூர் பக்கம். ஊருக்குள்ள நுழையுற எடத்துலயே ஒரு ஆர்ஓ பிளான்ட் இருக்கும், நீலக்கலர் தகர ஷெட்டு, மேல பெரிய போர்டு, போர்டுல சுரங்கக் கம்பெனி பேரு கொட்டை எழுத்துல, அதுக்குக் கீழ திறந்து வச்சவங்க பேரு வரிசையா. அஞ்சு ரூபா காயின் போட்டா ஒரு கேன் தண்ணி. சின்ன வயசுல லீவுக்குப் போனா நத்தை மாதிரி சுருண்ட கல்லு பொறுக்கி வெளையாடுவோம் (அந்தப் பக்கம் பூரா பல கோடி வருஷத்துக்கு முன்னாடி கடலு, சுண்ணாம்புக்கல்லு அங்க கிடக்குறதே அதனாலதான்), இப்ப போனா அத்தை கையில காயினக் குடுத்து கேன் தூக்கிட்டு வரச் சொல்லும். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அப்படித்தான் போய் காயின் போட்டேன், மெஷின் முழுங்கிடுச்சு, தண்ணி வரல. பக்கத்துல ஆடு மேச்சிட்டிருந்த அம்மா "அது ஓடி நாலு மாசம் ஆச்சு தம்பி, ஒனக்கு யாரும் சொல்லலியா"ன்னு சிரிக்குது. உள்ள ஃபில்டர் போயிடுச்சாம். கம்பெனில கேட்டா பஞ்சாயத்துகிட்ட ஒப்படைச்சாச்சுங்கறாங்க, பஞ்சாயத்துல கேட்டா அது கம்பெனி போட்டதுங்கறாங்க. கம்பெனி பேரு வேணாம், இப்படி நின்னு போன பிளான்ட் ஊர் ஊருக்கு இருக்கு.

அன்னிக்கு ராத்திரி திண்ணைல உக்காந்து மாமா கேட்டாரு, "ஏன் மாப்ள, இவனுங்க செய்யுறது ஒதவியா, இல்ல நமக்குக் குடுக்க வேண்டிய பாக்கியா?"

எனக்கு அப்ப பதில் தெரியல. அப்புறம் சட்டம், ரூல்ஸ், கம்பெனி ஆண்டறிக்கைன்னு தேடிப் படிச்சு ஓரளவுக்கு புரிஞ்சுது, புரிஞ்சத இங்க எழுதி வைக்கிறேன். சுருக்கமா சொன்னா, ஒரு சுரங்கக் கம்பெனி கையில மூணு பை இருக்கு. மூணுலேருந்தும் ஊருக்கு காசு வரும். நாம மூணையும் சேத்து "கம்பெனி செஞ்சுது"ன்னு சொல்லிடுறோம், அங்கதான் சிக்கல் ஆரம்பிக்குது.

மொத பை நஷ்டஈடு. நெலத்த எடுத்துக்கறதுக்கு, வீட்ட இடிக்கறதுக்கு, பயிர் போனதுக்கு, வேற எடத்துல மனை குடுத்து குடி வைக்கறதுக்கு. மறுவாழ்வு, மறுகுடியமர்வுன்னு அரசாங்கத் தமிழ்ல சொல்லுவாங்க. இது உதவியே கிடையாது, வாங்குன பொருளுக்கு வெலை, அவ்வளவுதான். கடைல அரிசி வாங்கிட்டு காசு குடுக்கறவன "தர்மவான்"னு யாரும் சொல்றதில்லயே.

ரெண்டாவது பை நெறைய பேருக்குத் தெரியாது, ஆனா சுரங்கத்துப் பக்கம் குடியிருக்கறவங்களுக்கு இதுதான் முக்கியம். மாவட்ட கனிம அறக்கட்டளை, ஆபீஸ்ல டிஎம்எஃப்னு சொல்லுவாங்க. 2015ல கனிமச் சட்டத்தத் திருத்தி கொண்டு வந்தது. கம்பெனி தோண்டி எடுக்குற ஒவ்வொரு டன்னுக்கும் அரசாங்கத்துக்கு ராயல்டி கட்டணும், இது பழைய கதை, அந்தக் காசு கஜானாவுக்குப் போயிடும், சுரங்கத்துக்குப் பக்கத்துல தூசி திங்கறவனுக்கு அதுல தனியா பங்குன்னு எதுவும் கெடையாது. அதனால ராயல்டி கட்டுறது போக, அதுக்கு மேல ஒரு பங்கு அந்த மாவட்டத்துக்குன்னே தனியா கட்டணும்னு வச்சாங்க. 2015 ஜனவரி 12க்கு முன்னாடி குடுத்த குத்தகையா இருந்தா ராயல்டில 30 சதவீதம், அதுக்கப்புறம் ஏலத்துல எடுத்த சுரங்கமா இருந்தா 10 சதவீதம். அதாவது பழைய சுரங்கம் 100 ரூபா ராயல்டி கட்டுனா கூட 30 ரூபா மாவட்டத்துக்கு வரணும். (இதுக்கும் முன்னாடி 2011ல ஒரு மசோதா வந்துச்சு, நிலக்கரிக் கம்பெனிங்க லாபத்துலயே 26 சதவீதம் பங்கு குடுக்கணும்னு. அது சட்டமாகாமலே காலாவதி ஆயிடுச்சு. நடந்திருந்தா கதையே வேற.)

இந்த அறக்கட்டளைய மாநில அரசாங்கம்தான் அமைக்கும், தலைமை கலெக்டர். காச எதுக்கு செலவு பண்ணணும்னு 2015லயே மத்திய அரசு ஒரு திட்டம் போட்டுச்சு, குறைஞ்சது 60 சதவீதம் (2024ல இத 70 ஆக்கிட்டாங்க) குடிதண்ணி, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், சுகாதாரம், தொழில் பயிற்சி, வயசானவங்க, மாற்றுத்திறனாளிகள் மாதிரி விஷயத்துக்கு, மிச்சம் ரோடு, பாலம், பாசனத்துக்கு. குடிதண்ணிய மொத வரிசைல வச்சிருக்காங்கறத மனசுல வச்சுக்கங்க, கடைசில திரும்ப வரேன்.

மூணாவது பைதான் சிஎஸ்ஆர், நிறுவன சமூகப் பொறுப்பு. போர்டுல பேரு போடுறதும், போட்டோ எடுக்கறதும், ரிப்பன் வெட்டுறதும் பெரும்பாலும் இந்தப் பைக்குத்தான். 2013 கம்பெனி சட்டத்துல 135ஆவது பிரிவு, 2014 ஏப்ரல் 1லேருந்து அமல்ல இருக்கு. நிகர மதிப்பு (சொத்துல கடன் போக மிச்சம்) 500 கோடி, இல்ல விற்றுமுதல் (வருஷ விற்பனை) 1000 கோடி, இல்ல நிகர லாபம் 5 கோடி, இதுல ஏதாவது ஒண்ணத் தொட்டா அந்தக் கம்பெனி கடைசி மூணு வருஷ லாபத்தோட சராசரில 2 சதவீதம் சமூகத்துக்கு செலவு பண்ணணும். ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. மூணு வருஷ லாபம் 900 கோடி, 1000 கோடி, 1100 கோடின்னா சராசரி 1000 கோடி, அதுல 2 சதவீதம் 20 கோடி. இது சுரங்கத்துக்கு மட்டும் இல்ல, சோப்பு விக்கறவன், சாஃப்ட்வேர் எழுதறவன் எல்லாருக்கும் இதே கணக்குதான்.

இங்க ஒரு விஷயம் பிடிபட்டா பாதி புரிஞ்ச மாதிரி. சிஎஸ்ஆர் லாபத்தோட கட்டுனது, டிஎம்எஃப் தோண்டுற அளவோட கட்டுனது. கம்பெனி தொடர்ந்து நஷ்டத்துல ஓடுச்சுன்னா சிஎஸ்ஆர் பை காலி, சட்டப்படியே காலி, யாரும் ஒண்ணும் கேக்க முடியாது. ஆனா லாபமோ நஷ்டமோ, லாரி லோடு ஏத்திட்டு வெளிய போற வரைக்கும் டிஎம்எஃப் பைக்கு காசு வந்துதான் ஆகணும். ஊருக்கு எது நிச்சயமான காசுன்னு நீங்களே சொல்லுங்க.

சிஎஸ்ஆர்ல எத சேக்கலாம் எத சேக்கக்கூடாதுன்னும் ரூல்ஸ் இருக்கு, அதுதான் எனக்கு ரொம்ப சுவாரசியமா இருந்துச்சு. கம்பெனி தன்னோட வழக்கமான தொழிலுக்காக செய்யுற எதுவும் கணக்குல வராது. தன் தொழிலாளிக்கும் அவங்க குடும்பத்துக்கும் மட்டும் செய்யுறது வராது. கட்சி நிதி வராது. ஒருநாள் மாரத்தான், அவார்டு ஃபங்ஷன், டிவி ஸ்பான்சர் இதெல்லாம் வராது. வேற ஏதாவது சட்டப்படி செஞ்சே ஆகவேண்டியத செஞ்சுட்டு அதையும் சிஎஸ்ஆர்னு காட்டக்கூடாதுன்னு 2021ல தெளிவாவே சொல்லிட்டாங்க. இதுல இன்னொரு வரி, கம்பெனி இயங்குற உள்ளூர்ப் பகுதிக்கு முன்னுரிமை குடுக்கணும்ங்கறது. முன்னுரிமைன்னுதான் இருக்கு, அங்கதான் செலவு பண்ணணும்னு இல்ல. அந்த ஒத்த வார்த்தைல நெறைய காசு வேற ஊருக்கு பஸ் ஏறிப் போயிடும்.

சரி, நெய்வேலிக்கு வருவோம், இந்த மூணு பையும் ஒரே எடத்துல கண்ணுக்குத் தெரியுற ஊரு நம்மூர்ல அதுதான். 1930கள்ல ஜம்புலிங்க முதலியார் நெலத்துல கிணறு போடுறப்ப கருப்பா ஒரு பொருள் வந்ததுலேருந்து அந்தக் கதை ஆரம்பம். 1956ல என்எல்சிங்கற அரசுக் கம்பெனி பதிவாச்சு, 1957 மே மாசம் நேரு வந்து தோண்டுற வேலைய தொடங்கி வச்சாரு, ஆனா பழுப்பு நிலக்கரிய கண்ணால பாக்க 1961 ஆகஸ்ட் வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்துச்சு. ஏன்னா அங்க நிலக்கரி மேலோட்டமா கெடக்கல. ஒரு டன் எடுக்க அஞ்சு கன மீட்டருக்கு மேல மண்ணத் தள்ளணும். நிலக்கரிக்குக் கீழ இருக்குற ஊத்து தண்ணி வேற அழுத்தத்தோட மேல தள்ளிட்டே இருக்கும், இருபத்துநாலு மணி நேரமும் பம்ப் வச்சு எறைச்சு அந்த அழுத்தத்தக் கொறைக்கலன்னா சுரங்கத்தோட அடித்தளமே பொத்துக்கும்.

அந்தத் தண்ணிய வச்சே எது எந்தக் கணக்குல வரும்னு பாத்துடலாம். எறைச்ச தண்ணி வாய்க்கால்ல ஓடி சுத்து வட்டார வயலுக்குப் பாயுது, அத நம்பி ரெண்டு போகம் நெல்லு போடுறவங்க இருக்காங்க, இது நெஜம். அதே பகுதில போர் ஆழம் வருஷா வருஷம் எறங்கிட்டே போகுது, முன்னாடி மாதிரி மேல தண்ணி கெடைக்கலன்னு சொல்றவங்களும் இருக்காங்க, அதுவும் நெஜம், சில சமயம் ரெண்டையும் சொல்றது ஒரே ஆளாத்தான் இருக்கும். இப்ப அந்தத் தண்ணி விடுறது சமூக உதவியா? என்னக் கேட்டா இல்ல. எறைக்கலன்னா சுரங்கமே நடக்காது, அது தொழில். எறைச்சத ஏரிக்குக் கொண்டுபோக புதுசா வாய்க்கால் வெட்டுனா, ஏரிய தூர் வாரிக் குடுத்தா, அது சிஎஸ்ஆர்னு சொல்லிக்கலாம், தப்பில்ல. போர் வத்திப் போன ஊருக்கு பைப் லைன் போடுறது இருக்கே, அத டிஎம்எஃப்ல கேக்கலாம். ஒரே தண்ணி, மூணு கணக்கு.

நெய்வேலி டவுன்ஷிப்புக்குள்ள போயிருக்கறவங்களுக்கு தெரியும், பிளாக் பிளாக்கா அகலமான ரோடு, ரெண்டு பக்கமும் மரம், ஸ்கூலு, பெரிய ஆஸ்பத்திரி. வெளியூர்லேருந்து வர்றவங்க "கம்பெனி எவ்வளவு செஞ்சிருக்கு பாரு"ம்பாங்க. டவுன்ஷிப்பு மொதல்ல தொழிலாளிகளுக்குக் கட்டுனது, அது நல்ல முதலாளிக்கு அழகு, ஆனா அது சுத்தியிருக்குற கிராமத்துக்கு செஞ்ச கணக்குல வராது. ஆர்ச்சத் தாண்டி வெளிய வந்து நெலம் குடுத்தவங்க ஊருல என்ன இருக்குன்னு பாக்கணும், அதுதான் பரிட்சை. அங்க போய் பேச்சுக் குடுத்தீங்கன்னா யாரும் ஆர்ஓ பிளான்ட், ஸ்கூல் பெஞ்ச்னு ஆரம்பிக்க மாட்டாங்க. "வேலை"ன்னுதான் ஆரம்பிப்பாங்க. நெலம் குடுத்த வீட்ல ஒருத்தருக்கு பர்மனன்ட் வேலையா, கான்ட்ராக்ட் வேலையா, இல்ல காசோட முடிச்சுக்கறதாங்கற கேள்வி அங்க பல வருஷமா ஓடுது. சோறு போட்ட நெலம் போயிட்டா அதுக்கு ஈடு இன்னொரு சோறு போடுற வழிதானே.

2023 ஜூலைல நெய்வேலி பக்கத்துல வளையமாதேவில நடந்தது பாதிப் பேருக்கு ஞாபகம் இருக்கும். பரவனாறுக்கு மாத்து வாய்க்கால் வெட்டணும்னு சொல்லி, பச்சையா நின்ன நெல்லு வயல்ல மெஷின எறக்குனாங்க, டிவில பூரா அந்தக் காட்சிதான் ஓடுச்சு. நெலம் பல வருஷத்துக்கு முன்னாடியே கையகப்படுத்துனது, பணம் குடுத்தாச்சுன்னு கம்பெனி சொல்லிச்சு. இத்தன வருஷமா நாங்கதானே உழுதுட்டிருக்கோம், கதிர் வர்ற நேரத்துலயா மெஷின விடுவீங்கன்னு விவசாயிங்க கேட்டாங்க. போராட்டம், தடியடி, அப்புறம் ஐகோர்ட்டு, பயிருக்கு ஏக்கருக்கு 40 ஆயிரம் ரூபா குடுக்கச் சொல்லி உத்தரவு. நான் சொல்ல வர்றது என்னன்னா, அந்த ஏரியால எத்தன மருத்துவ முகாம் போட்டிருந்தாலும், எத்தன ஸ்கூலுக்கு பெஞ்ச் குடுத்திருந்தாலும், அந்த ஒரு நாள் காட்சி எல்லாத்தையும் தூக்கி சாப்ட்டுடுச்சு. மொத பை ஒழுங்கா இல்லன்னா மூணாவது பை எடுபடாது.

இதுக்கு ஒடிசால ஒரு கதை இருக்கு. நியாம்கிரி மலைல பாக்சைட் (அலுமினியத் தாது) எடுக்கணும்னு வேதாந்தா குழுமம் வந்துச்சு, லாஞ்சிகர்ல ஆலையும் கட்டிட்டாங்க. 2008ல சுப்ரீம் கோர்ட்டு அனுமதி குடுக்குறப்பவே ஒரு கண்டிஷன் போட்டுச்சு, அந்தத் திட்டத்துல வர்ற லாபத்துல வருஷத்துக்கு 5 சதவீதமோ 10 கோடியோ, எது அதிகமோ அத அந்தப் பகுதி வளர்ச்சிக்குக் கட்டணும்னு. சிஎஸ்ஆர் சட்டமே வராத காலத்துல இப்ப இருக்குற 2 சதவீதத்த விட ரெண்டரை மடங்கு! ஆனா அந்த மலை டோங்ரியா கோந்த் மக்களுக்கு சாமி. 2013 ஏப்ரல்ல அதே சுப்ரீம் கோர்ட்டு, கிராம சபையே முடிவு பண்ணட்டும்னு சொல்லிச்சு, 12 கிராமத்துல சபை கூடுச்சு, 12லயும் வேணாம்னு சொல்லிட்டாங்க, ஒண்ணு கூட மாறல. காசு பேசுறதுக்கு முன்னாடி சம்மதம்னு ஒண்ணு இருக்குங்க. கம்பெனிக்காரங்க இத சமூக அனுமதின்னு பாலிஷா சொல்லுவாங்க, நம்மூர்ல "ஊரு ஒத்துக்கணும்"பாங்க.

எல்லாம் ஒழுங்கா நடந்தாலும் இன்னொரு கேள்வி பாக்கி நிக்கும், சுரங்கம் தீந்து போனா? சுரங்கம்னா ஒருநாள் தீரும், அது கெணறு மாதிரி ஊறாது. கோலார் தங்கவயல்ல பாருங்க. 1880ல ஜான் டெய்லர் கம்பெனி வந்துச்சு, வட ஆற்காடு, சேலம், தருமபுரி பக்கத்துலேருந்து நம்மாளுங்க குடும்பம் குடும்பமா போய் குழிக்குள்ள எறங்குனாங்க. 1902லயே சிவசமுத்திரத்துலேருந்து கரன்ட் லைன் இழுத்து அங்க வெளக்கு எரிஞ்சுது, அப்ப இந்தியால பெரும்பாலான ஊருக்கு கரன்ட்னா என்னன்னே தெரியாது. தண்ணி, கரன்ட், ஆஸ்பத்திரி, ஸ்கூலு, வீடு எல்லாமே கம்பெனி. 2001 பிப்ரவரி 28 அன்னிக்கு சுரங்கத்த மூடுனாங்க. கம்பெனி போனதும் கம்பெனி ஆஸ்பத்திரியும் போச்சு. லைன் வீடுங்க அப்படியே இருக்கு, அரைச்சு சயனைடு போட்டு தங்கம் எடுத்துட்டுக் கொட்டுன மண்ணு சயனைடு மேடா நிக்குது, காத்துக் காலத்துல அந்தத் தூசி வீட்டுக்குள்ள வந்து படியுது. இன்னிக்கும் விடிகாலைல மாரிக்குப்பத்துல கெளம்புற ரயில்ல அந்த ஊரு ஜனங்க கூட்டம் கூட்டமா பெங்களூருக்கு வேலைக்குப் போயிட்டு ராத்திரி திரும்புறாங்க. கம்பெனி நெறைய செஞ்ச ஊருதான் அது. எல்லாத்தையும் கம்பெனியே செஞ்சதால அரசாங்கமும் எட்டிப் பாக்கல, ஊருக்கும் சொந்தக் கால் மொளைக்கல.

அதனாலதான் யாராவது "எங்க ஊருக்கு கம்பெனி கல்யாண மண்டபம் கட்டிக் குடுக்குது"ன்னு சந்தோஷமா சொன்னா நான் குறுக்க பூந்து கரன்ட் பில்லு யாரு கட்டுவான்னு கேட்டுடுறேன், வீட்ல திட்டு வாங்கிட்டுதான் இருக்கேன். கட்டறதுக்கு காசு கெடைக்கும், போர்டு வைக்கலாம்ல. அஞ்சு வருஷம் ஓட்டறதுக்குத்தான் ஆளு இருக்காது. ஃபில்டர் மாத்துன அன்னிக்கு யாரு வந்து ரிப்பன் வெட்டப் போறா?

உங்க ஊருக்குப் பக்கத்துல சுரங்கம் இருந்தா எங்க போய் பாக்கறது? கம்பெனியோட ஆண்டறிக்கைல சிஎஸ்ஆர்னு ஒரு இணைப்பு இருக்கும், என்ன வேலை, எந்த மாவட்டம், எவ்வளவு ரூபா, நேரா செஞ்சாங்களா இல்ல ஏதாவது தொண்டு நிறுவனம் மூலமாவான்னு 2022 வரைக்கும் வரிசையா போட வேண்டியிருந்துச்சு, அதுக்கப்புறம் அவ்வளவு விவரம் கட்டாயம் இல்ல. அந்த விவரம் போட்டிருந்தா உங்க மாவட்டம் எத்தன வரில வருதுன்னு எண்ணிப் பாருங்க, வேற மாநிலத்துப் பேரு எத்தன வருதுன்னும் எண்ணுங்க. செலவு பண்ணாம மிச்சம் வச்சாங்கன்னா அதுவும் அங்கயே இருக்கணும், நடந்துட்டிருக்குற வேலைன்னா தனி அக்கவுன்ட்ல போட்டு மூணு வருஷத்துக்குள்ள முடிக்கணும், இல்லன்னா சட்டத்துல சொல்லியிருக்குற நிதிக்கு மாத்திடணும், சும்மா வச்சுக்க முடியாது. பொதுத்துறை கம்பெனியா இருந்தா 10 ரூபா கட்டி ஆர்டிஐ, அதாவது தகவல் உரிமைச் சட்டத்துல மனு, போடலாம். டிஎம்எஃப் காசு கலெக்டர் தலைமைலதான் இருக்குங்கறதால அதுக்கும் ஆர்டிஐ போடலாம், கம்பெனி தனியாரா இருந்தாலும் பரவால்ல. கிராம சபைல தீர்மானம் போட்டு அனுப்புனா இன்னும் வெயிட்டு, தனியாளா மனு குடுக்கறதுக்கும் ஊரே கையெழுத்து போட்டுக் குடுக்கறதுக்கும் ஆபீஸ்ல நாற்காலி போடுறதுலயே வித்தியாசம் தெரியும்.

மாமாகிட்ட போன்ல இத எல்லாம் ஒரு மணி நேரம் சொன்னேன். எல்லாத்தையும் கேட்டுட்டு, "அப்ப ஃபில்டர யாருகிட்ட கேக்கறது, அத மட்டும் சொல்லு"ன்னாரு. குடிதண்ணி டிஎம்எஃப்ல மொத வரிசைல இருக்கு மாமா, பராமரிப்புச் செலவையும் சேத்து அங்க கேளுங்கன்னேன். ஆகஸ்ட் 15 கிராம சபைல தீர்மானம் போட்டாங்க, அடுத்த திங்கக்கிழம குறைதீர்க்கும் நாள்ல அத்தை பையன் தீர்மான நகலோட மனு குடுத்துட்டு வந்தான், ரசீத போட்டோ எடுத்து எனக்கு வாட்ஸப்புல அனுப்பியிருக்கான். பிளான்ட் இன்னும் ஓடல. தண்ணிக்கு இப்ப டாட்டா ஏஸ் வண்டி வருது, கேன் முப்பது ரூபா.